கூர்ப்புக் கொள்கைக்குக் கணக்கு வகுத்த பேராசிரியர் ஹால்டேன்

ஆண்டு மலரிலே பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுதல் நீண்ட நாள் மரபு. பெரும்பாலும் அருளாளர்களையும் புலவர்களையும் நாட்டுத் தொண்டர்களையும் பற்றியே நாம் எழுதிவந்திருக்கிறோம். இம்முறை ஒரு விஞ்ஞானியை எடுத்துக்கொண்டோம். அவர் எமது சமயத்தவர் அல்லர். எமது மொழியினர் அல்லர். கடவுள் நம்பிக்கை உடையவரும் அல்லர். அப்படியாயின் இம்மலரில் அவருக்கு இடம் ஏன் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கட்டுரையை முடிவுவரை படித்தபின் அக்கேள்விக்கு அவர்களே விடை கூறுவார்கள் என்று நம்புகிறோம்.

1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கல்முனைக்குத் தெற்கே காரைதீவிலே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து, விஞ்ஞானத்திலே பட்டம் பெற்று, பின்னர் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளாயிற்று. விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்வதற்குக் கலைச்சொற்கள் வேண்டுமென்று சென்னையிற் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அடிகளார் என்பதை எம் இளைஞர் பலர் அறியார். அதே 1892 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5 ஆம் திகதி, இங்கிலாந்து தேசத்து ஒக்ஸ்போட் நகரிலே மற்றொரு குழந்தை பிறந்தது. ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன் என்பது அதன் பெயர். ஒருவர் விஞ்ஞானத்திலிருந்து துறவுக்குச் சென்றார். மற்றவர் இறுதிவரை விஞ்ஞானத்திலேயே நின்றார். ஆனால் தம் நாட்டைத் துறந்து கீழ்த்திசைக்கு வந்தார்.

தந்தையே முதல் ஆசான்

ஹால்டேனின் தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் சுவாசத்தைப் பற்றி ஆராய்ந்த பெரும் விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களிலே நச்சுவாயுவினால் தொழிலாளர் மடிவதைக் கண்டு, அதன் காரணத்தை அறியச் சுரங்கத்துள் தாமே இறங்கியவர். மகனையும் உடன் அழைத்துச் செல்வார். ஒரு முறை சுரங்கத்தின் ஓரிடத்திலே மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, சேக்ஸ்பியர் நாடகமொன்றில் வரும் நீண்ட பேச்சை ஒப்புவிக்கச் சொன்னார். சிறுவன் பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிக் கால் தளர்ந்து கீழே விழுந்தான். விழுந்த இடத்திலே மூச்சு மீண்டது. அந்த வாயு காற்றிலும் இலேசானது. ஆகையால் மேலே தங்கும், தரையோடு கிடப்பவனுக்குத் தீங்கில்லை என்ற பாடத்தை அச்சிறுவன் வாழ்நாளில் மறக்கவில்லை. உண்மையை அறிய வேண்டுமானால் முதலில் தன்னையே சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும் என்ற பழக்கமும் அன்றே படிந்தது.

கல்லூரியிலே அவர் கணிதமும் பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் கற்றார். பிற்காலத்தில் உலகம் போற்றும் உயிரியல் அறிஞராய் விளங்கிய இவர், விஞ்ஞானத்திலே எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். பட்டமில்லையே என்று மனம் சோரும் இளைஞர் இதைக் குறித்துக்கொள்வாராக.

1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஹால்டேன் படையிற் சேர்ந்தார். யுத்தத்துக்கு முன்னர் அவரும், தங்கை நயோமியும், ஸ்பிரண்ட் என்ற நண்பரும் சேர்ந்து எலிகளை வளர்த்துப் பரம்பரை இயல்புகளை ஆராய்ந்திருந்தனர். அந்த ஆராய்ச்சி 1915 இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே நண்பர் போர்க்களத்தில் மாண்டார். ஹால்டேன் பிரான்சிலும், பின்னர் மெசப்பொத்தேமியாவிலும் காயமுற்றார். இரண்டாம் முறை காயமுற்றபோது இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே சுகம் பெற்றார். ஆளும் இனத்தவனாக அங்கே நடமாடுவது அவருக்குக் கூச்சமாயிருந்தது. இந்தியரோடு சமமாகப் பழகக்கூடிய காலம் வந்தால் மட்டுமே இந்நாட்டுக்குத் திரும்பி வருவது என்று அவர் மனத்திலே உறுதி செய்துகொண்டார். அந்த உறுதி நாற்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது.

டார்வின் விட்டுச்சென்ற கேள்வி

இனி இவர் செய்த பெரும் பணி யாது என்று பார்ப்போம். அதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1858 இல் சாள்ஸ் டார்வினும் அல்பிரட் வொலஸும் தனித்தனியே கண்ட ஒரு கருத்து இலண்டனிலே ஒருமிக்க வாசிக்கப்பட்டது. மறு ஆண்டு டார்வினின் பெரு நூல் வெளிவந்தது. உயிர்கள் தாம் வாழக்கூடிய அளவிலும் அதிகமாகப் பெருகுகின்றன; ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன; சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாக எஞ்சிச் சந்ததியை விடுகின்றன; இவ்வாறு தலைமுறை தலைமுறையாக இனம் மாறிச் செல்கிறது. இதுவே இயற்கைத் தேர்வு. இம்மாற்றத்தைக் கூர்ப்பு என்று எமது பாடநூல்கள் வழங்கும்.

ஆனால் ஒரு பெரிய இடர் இருந்தது. தாய் தந்தையரின் இயல்பு பிள்ளைக்கு எப்படிச் செல்கிறது என்பதை டார்வின் அறியார். பாலும் நீரும் போல இயல்புகள் கலந்துவிடுமாயின், நல்ல மாற்றம் ஒன்று தோன்றினாலும் சில தலைமுறைகளிலே கரைந்து போய்விடுமே என்று எதிர்ப்பாளர் கேட்டனர். விடை வேறொருவரிடம் இருந்தது. மெண்டல் என்னும் கிறித்தவத் துறவி மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்து, இயல்புகள் கரைவதில்லை, தனித்தனி அலகுகளாகவே செல்கின்றன என்று 1866 இல் எழுதிவைத்தார். உலகம் அதைப் படிக்கவில்லை. 1900 இலேதான் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அவ்வலகையே பரம்பரையலகு என்கிறோம்.

மெண்டலைப் பின்பற்றியோர் டார்வினுடைய மெதுவான மாற்றம் தேவையில்லை என்றனர். டார்வினைப் பின்பற்றியோர் மெண்டலின் அலகுகளை ஏற்க மறுத்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தப் பிணக்கு நடந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் மூவர். இங்கிலாந்தில் பிஷர், அமெரிக்காவில் சுவல் றைற், மூன்றாமவர் எம் ஹால்டேன். மூவரும் கையாண்ட கருவி ஒன்றே. அது கணிதம்.

வட்டிக் கணக்கும் விட்டிற்பூச்சியும்

எமது ஊரிலே வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இக்கணிதம் விளங்காமற் போகாது. நூற்றுக்கு ஒன்று என்ற வட்டி மிகச் சிறிதாகத் தோன்றும். ஆயினும் வட்டிக்கு வட்டியாய் வளரும்போது எழுபது தவணையிலே முதல் இரட்டிக்கும். உயிர்களிலும் அப்படியே. ஓர் இயல்பை உடையவை மற்றவற்றிலும் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகச் சந்ததியை விட்டாலும் போதும்; கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு நயம் காலப்போக்கிலே இனம் முழுவதையும் மாற்றிவிடும்.

ஹால்டேன் 1924 இலிருந்து 1934 வரை தொடர்ந்து பத்துக் கட்டுரைகளில் இக்கணக்கை வகுத்தார். முதலாவது கட்டுரையிலே அவர் எடுத்த எடுத்துக்காட்டு ஒரு விட்டிற்பூச்சி. இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் நகரிலே ஆலைகள் பெருகிப் புகைக்கரி மரங்களிற் படிந்தது. வெளிர்நிறமாயிருந்த அப்பூச்சியினத்திலே, கருநிறமான ஒன்று 1848 இல் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே பெரும்பாலான பூச்சிகள் கருநிறமாயின. இவ்வளவு விரைவில் மாறுவதற்கு எவ்வளவு நயம் வேண்டும்? ஹால்டேன் கணக்கிட்டார். வெளிர்நிறப் பூச்சி நூறு சந்ததியை விட்டால் கருநிறப் பூச்சி நூற்றைம்பது அளவில் விட்டிருத்தல் வேண்டும் என்ற விடை வந்தது. இயற்கைத் தேர்வு இத்துணை வலியதாயிருக்கும் என்று அன்று எவரும் எண்ணியதில்லை, நம்பியோரும் சிலரே.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துக் கெற்றில்வெல் என்பவர் காட்டிலே பூச்சிகளை விட்டுப் பார்த்து, கரி படிந்த மரத்திலே வெளிர்நிறப் பூச்சிகளைப் பறவைகள் எளிதிற் கண்டு தின்பதை எடுத்துக் காட்டினார். அவருடைய சோதனை முறையிற் குறை உண்டென்று பின்னர் சிலர் வாதிட்டனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே மஜேரஸ் என்பவர் பல ஆண்டுகள் பொறுமையோடு சோதனையை மீண்டும் நடத்தினார். முடிவு சரியே என்று கண்டார். ஆலைப் புகை குறைந்து காற்றுத் தூய்மையானதும் வெளிர்நிறப் பூச்சிகள் மீண்டும் பெருகிவிட்டன என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. ஒருவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல், திரும்பத் திரும்பச் சோதித்து ஏற்பதே விஞ்ஞானத்தின் ஒழுக்கம்.

1932 இல் கூர்ப்பின் காரணங்கள் பற்றிய ஹால்டேனின் நூல் வெளிவந்தது. டார்வினும் மெண்டலும் பகைவரல்லர், ஒருவரையொருவர் நிறைவு செய்பவர் என்பது நிலைநாட்டப்பட்டது. 1937 இல் டொப்சான்ஸ்கியும், 1942 இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஏனைய துறைகளையும் சேர்த்துத் தொகுத்தனர். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் நவீன கூர்ப்புக் கொள்கை இவ்வாறே உருவாயிற்று.

மலேரியாவும் எமது இரத்தமும்

ஹால்டேனின் சிந்தனை எமது வீட்டு வாசலுக்கே வரும் இடம் ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலோரத்து மக்களிடையே தலசீமியா என்ற இரத்த நோய் பரவலாய் இருந்தது. குழந்தைகளைக் கொல்லும் ஒரு நோயின் பரம்பரையலகு ஏன் அழிந்து போகவில்லை? 1949 இல் ஹால்டேன் ஒரு விளக்கம் கூறினார். அவ்வலகு இரண்டு பெற்ற குழந்தை நோயுறும். ஆனால் ஒன்றே பெற்றவர் நோயின்றி வாழ்வதோடு மலேரியாவையும் கூடுதலாய்த் தாங்குவர். ஆகவே மலேரியா உள்ள நாட்டிலே அவ்வலகு அழியாது நிற்கும் என்றார். 1954 இல் அலிசன் என்ற வைத்தியர் கிழக்காபிரிக்காவிலே இதைப் போன்ற மற்றோர் இரத்த நோயிலே இக்கருத்து மெய்யென்பதற்குச் சான்று காட்டினார்.

எமது இலங்கை மலேரியாவை நன்கறியும். 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே பரவிய கொடிய மலேரியா ஏறக்குறைய எண்பதினாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. பின்னர் நாடு முயன்று, 2016 இல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, நோயோடு போராடிய காலத்து அடையாளம் இரத்தத்திலே இருக்கிறது. தலசீமியாப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் பெற்றோர் இந்நாட்டில் இன்றும் பலர்.

இதிலே இளைஞர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல் உண்டு. அவ்வலகை ஒவ்வொன்று தாங்கிய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோயுறும் வாய்ப்பு உண்டு. மச்சான், மச்சாள் உறவிலே மணம் முடிப்பது எமது வழக்கம். அவ்வழக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஒரே குடும்பத்து இரத்தத்திலே ஒரே அலகு இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பது கணக்கு. சாதகம் பார்க்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வதிலே குற்றம் யாதுமில்லை. தாங்கியாய் இருப்பது நோயுமன்று, அவமானமுமன்று, அறியாதிருப்பதே ஆபத்து.

ஒரு பிழையும் அதன் பாடமும்

பெரியாரைப் பற்றி எழுதும்போது பிழையை மறைத்தல் எமக்கு உடன்பாடன்று. ஹால்டேன் பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபாடு கொண்டு 1942 இல் அதன் உறுப்பினரானார். ஏழைத் தொழிலாளர் மீது அவருக்கிருந்த அன்பு உண்மையானது. 1939 இல் தீற்றிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கித் தொண்ணூற்றொன்பது பேர் மாண்டபோது, அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதை அறியத் தம்மையே இரும்பறையுள் அடைத்துச் சோதித்தவர் அவர். அத்தகைய சோதனைகளிலே அவருடைய செவிப்பறை துளைபட்டது, முதுகெலும்பும் பாதிப்புற்றது.

ஆனால் சோவியத்து நாட்டிலே லைசெங்கோ என்பவர் அரச பலத்தோடு மெண்டலின் அறிவியலையே பொய்யென்றார். வவிலோவ் என்ற மாபெரும் தாவர அறிஞர் சிறையிலே 1943 இல் உயிர்நீத்தார். 1928 இல் ஹால்டேனைத் தம் நாட்டுக்கு அழைத்து உபசரித்தவர் அந்த வவிலோவ். 1948 இல் மெண்டல் வழிப் பரம்பரையியல் அங்கே தடை செய்யப்பட்டது. உலகில் எவரிலும் நன்றாக உண்மையை அறிந்த ஹால்டேன், கட்சிப் பற்றினால் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். பின்னர் கட்சியை விட்டு விலகினார். எனினும் பேச வேண்டிய வேளையிலே பேசாத குறை அவர் வரலாற்றிலே நிற்கிறது. எமது சங்கமாயினும் கட்சியாயினும், எமது பக்கத்தார் தவறு செய்யும்போது வாய் திறப்பதே கடினமான வீரம் என்பதை இதனால் அறிகிறோம்.

இந்தியராய் மாறியவர்

1957 இல், அறுபத்தைந்து வயதை எட்டும் காலத்திலே, இலண்டன் சர்வகலாசாலைப் பதவியை விட்டு, விஞ்ஞானியான தம் மனைவி ஹெலன் ஸ்பேர்வேயோடு கல்கத்தாவுக்கு வந்தார். மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளிவிபர நிறுவனம் அவரை வரவேற்றது. முந்திய ஆண்டு பிரித்தானியா சூயஸ் கால்வாய்மீது படையெடுத்ததைத் தாம் நாடு துறந்ததற்கு ஒரு காரணமாகக் கூறினார். வெண்ணிற இந்திய உடையையே அணிந்தார், புலாலைத் தவிர்த்தார், 1961 இல் இந்தியக் குடிமகனானார்.

மனிதனையும் விலங்கையும் நடுவே சுவரெழுப்பிப் பிரிக்காத இந்து சிந்தனை அவரைக் கவர்ந்தது. உயிர்களெல்லாம் உறவு என்ற டார்வினின் கருத்தை ஐரோப்பியர் அதிர்ச்சியோடு ஏற்றனர். இந்தியருக்கு அது அவ்வளவு அந்நியமன்று என்பது அவர் கருத்து. இதைக் கேட்டு நாம் தலை நிமிரலாம். ஆனால் தலை கனத்தல் ஆகாது. சிவபுராணத்திலே பல பிறப்புகள் எண்ணப்படுவதை நாம் கோயிலில் ஓதுகிறோம். அது ஓர் உயிர் பிறவிதோறும் செல்லும் வழியைச் சொல்வது. கூர்ப்புக் கொள்கையோ ஓர் இனம் தலைமுறைதோறும் மாறுவதைச் சொல்வது. இரண்டும் வேறு. எல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்ததுதான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று. ஹால்டேனை இந்துவென்று உரிமை கொண்டாடுவதும் எமது நோக்கமன்று. எமது பண்பிலே நல்லதைக் கண்டு மதித்தார். தமக்குச் சரியெனப்பட்டதையே இறுதிவரை நம்பினார். அந்நேர்மை போதும்.

இந்தியாவிலே அவர் இளைஞருக்குக் காட்டிய வழி பொன்னேபோல் போற்றத்தக்கது. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டாம். கண்ணும் பொறுமையும் எண்ணத் தெரிந்த அறிவும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்றார். அவருடைய மாணவர் ரோய் பவளமல்லிகைப் பூக்களின் இதழ்களை நாள்தோறும் எண்ணினார். நெல்லினங்களைக் கலந்து நட்டும் விளைச்சலை அளந்தார். துரோணம்ராஜு, நாயுண்ணிச் செடியிலே எந்த நிறப் பூவை எந்த வண்ணத்துப்பூச்சி நாடுகிறது என்று கவனித்தார். டேவிஸ் என்பவர் தென்னையை எடுத்துக்கொண்டார். தென்னோலைகள் மரத்தைச் சுற்றிச் சுருளாய் அமைகின்றன. சில மரங்களிலே இடமாகவும் சிலவற்றிலே வலமாகவும் சுழல்கின்றன. இவ்வியல்பு தாய் மரத்திலிருந்து பிள்ளைக்குச் செல்வதில்லை என்றும், இடஞ்சுழி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்க்கின்றன என்றும் அவர் எண்ணிக் கண்டார். பெரியநீலாவணையிலே கடற்கரையோரம் தென்னைகளின் நடுவே பிறந்து வளர்ந்த நாம், எம் வளவுத் தென்னை எப்பக்கம் சுழல்கிறது என்று ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்ததுண்டா?

இறுதி நாட்கள்

அலுவலகக் கட்டுப்பாடுகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1961 இல் கல்கத்தா நிறுவனத்தை விட்டார். 1962 இல் ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்திலே பரம்பரையியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்தார். அடுத்து அவரைப் புற்றுநோய் பற்றியது. இலண்டனிலே சத்திர சிகிச்சை பெற்று வைத்தியசாலைப் படுக்கையில் இருந்தபோது, அந்நோயைப் பற்றியே நகைச்சுவையாக ஒரு கவிதை எழுதி 1964 இல் வெளியிட்டார். நோயை மறைக்காமல் காலத்தோடு வைத்தியரிடம் காட்டுங்கள் என்பதே அதன் உட்பொருள். வெட்கத்தாலும் பயத்தாலும் நோயை மூடிவைத்து உயிரிழப்போர் எமது ஊர்களிலும் உளர். அவர்கள் பொருட்டு இதையும் எழுதுகிறோம்.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 1 ஆம் திகதி புவனேசுவரத்திலே அவர் காலமானார். அவர் விருப்பப்படி உடல் ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவிலுள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரி மாணவரின் படிப்புக்கு அளிக்கப்பட்டது. சிறுவயதிலே சுரங்கத்தில் தொடங்கி, வாழ்நாளெல்லாம் தம்மீது தாமே சோதனை நடத்தியவர், இறந்த பின்னும் பிறர் கற்பதற்கு ஒரு நூலாய்க் கிடந்தார்.

இளைஞர்காள்! எமது கடலோரம் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலே பட்ட துயரை நாம் மறக்கவில்லை. இழந்தவை பல. எனினும் வயலும் வாவியும் கடலும் தென்னையும் எம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கண்ணிருக்கிறது. எண்ணத் தமிழிருக்கிறது. அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, உங்களுள் ஒருவரேனும் ஒரு கொப்பியிலே எதையேனும் நாள் தவறாமல் எண்ணிக் குறித்து வந்து எம்மிடம் தருவாராயின், அதனை இக்கட்டுரை இருந்த இடத்திலே அச்சிட நாம் மகிழ்வோடு காத்திருக்கிறோம்.